மணி அடிக்காத பாட்டு

தம்பெரே
14 ஜனவரி 1995

ஒஸ்ஸி,

இது சமாதானக் கடிதம் அல்ல. நீ தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா வீட்டை விற்றுவிட்டாள். மே கடைசியில் நகரத்துக்கு, ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாள். என் தம்பியின் அறையில் கிடந்ததை எல்லாம் ஒரு வாழைப்பழப் பெட்டியில் அடைத்து எனக்கு அனுப்பினாள். அதில் நம்முடைய பச்சை நோட்டு இருந்தது.

முப்பத்திரண்டு ஹெவி மெட்டல் பாட்டுகள். இரண்டிரண்டாக மோதவிட்டு, தோற்றதை வெளியே தள்ளி, ஒன்று மிஞ்சும்வரை. முதல் பக்கத்தில் தம்பி யார்க்கோ எழுதிய விதிகள் அப்படியே இருக்கின்றன. முழுப் பாட்டையும் கடைசிவரை கேட்காதவன் வாக்கு செல்லாது. வாக்கை ஒரு வரிக் காரணத்தோடு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். சனிக்கிழமை சௌனாவின் நீராவியில் வெந்து வெளியே வந்த பிறகே உறைகளைப் பிரிக்க வேண்டும். தலை ஈரமாக இருக்கும்போது மனிதன் பொய் சொல்ல மாட்டான். நான்காவது விதி உனக்கு நினைவிருக்கும். வெல்கிற பாட்டு, நம் மூவரில் யார் முதலில் சாகிறாரோ அவர் அடக்கத்தில் ஒலிக்கும். "தொண்ணூறு வயசுல, ஒரு செவிட்டுப் பாதிரியார் முன்னாடி" என்று சொல்லிச் சிரித்தான்.

இருபது வயதில் போய்விட்டான். போட்டி அரையிறுதியில் நின்றிருந்தது. அடக்கத்தில் பாதிரியார் தேர்ந்தெடுத்த துதிப்பாட்டைப் பாடினோம். நீ கல்லறை வேலிக்கு வெளியே நின்றாய். உன்னை அங்கே நிறுத்தியவள் நான். அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஏப்ரல் கடைசியில், உறைந்த ஏரியின் உளுத்துப்போன பனி மேல், அக்கரைக் கடையில் பீர் வாங்க என் தம்பியை அனுப்பியவன் வேறெங்கே நிற்க வேண்டும்?

ஆனால் விதி விதிதான். அம்மா ஊரைவிட்டுப் போகுமுன் போட்டியை முடித்து, வென்ற பாட்டை அவன் கல்லறையில் ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும். 'ஓநாய்ப் பாலம்' ஏற்கெனவே இறுதிக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டாம் அரையிறுதி: அவன் கொண்டுவந்த 'உறைந்த மணி', நீ கொண்டுவந்த 'உலை வாய்'. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அந்த வாரம் இங்கிருந்து என் வாக்கை அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா?

விர்பி

*

கொய்வுனியெமி
29 ஜனவரி

விர்பி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துப் பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். அவ்வளவு நேராக எழுதுகிறாய்.

மர ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். தினமும் ஏரியைச் சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர், போக ஒருமுறை, வர ஒருமுறை. எல்லோரும் குறுக்கே பனிச்சாலையில் மூன்று கிலோமீட்டரில் போய்விடுகிறார்கள். நான் ஏரி மேல் கால் வைப்பதில்லை. படகிலும் இல்லை.

உன் வாக்கு வரவில்லை. அந்த வாரம் தபாலில் ஏதோ குழப்பம்.

போட்டியை முடிக்கலாம். எனக்குச் சம்மதம். ஆனால் அந்த அரையிறுதியை விட்டுவிடு. 'உலை வாய்' வென்றதாக எழுதிக்கொள். நேராக இறுதிக்குப் போவோம்.

வேலிக்கு வெளியே நிறுத்தியதைப் பற்றி நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஒஸ்ஸி

*

தம்பெரே
12 பிப்ரவரி

ஒஸ்ஸி,

விட முடியாது. அவன் பாட்டு மோதாமலே தோற்றதாக நான் எழுத மாட்டேன். அவன் நோட்டில், அவன் கையெழுத்துக்குக் கீழே, அதை மட்டும் என்னால் செய்ய முடியாது.

அவன் வாக்கு அவன் பாட்டுக்கு, உன் வாக்கு உன் பாட்டுக்கு. என் வாக்குதான் முடிவு செய்ய வேண்டும். எப்போதும் அப்படித்தானே இருந்தது. என் பழைய வாக்கு தொலைந்துவிட்டதால், மறுபடி கேட்டுவிட்டு வாக்களிக்கிறேன்.

நான் இப்போது நகர நூலகத்தில் இசைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள், ஆனால் என்ன படித்தேன் என்று கேட்டால் "புஸ்தகத்துக்குப் படிச்சா" என்பாள். இங்கே எல்லோரும் மெல்லப் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே புத்தக அலமாரி இருந்திருக்கும் என்று அவர்கள் காப்பிக் கோப்பையைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிகிறது. எனக்கு எந்த இசை பிடிக்கும் என்று கேட்டபோது "எல்லாம் கேட்பேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போய் என் மீதே கோபப்பட்டேன்.

கிடங்கில் 'உறைந்த மணி'யின் இசைத்தட்டு இருக்கிறது. மூன்று வருடமாக யாரும் எடுக்கவில்லை. நாம் கேட்டதெல்லாம் நீ பதிவு செய்து கொடுத்த கேசட்டில்தானே? அக்கரை ரைய்யாவின் தட்டிலிருந்து நீ எடுத்தது. இந்த முறை தட்டிலேயே கேட்கிறேன்.

விர்பி

*

கொய்வுனியெமி
26 பிப்ரவரி

விர்பி,

கேட்காதே என்று சொன்னால் கேட்க மாட்டாயா? பள்ளியிலும் இப்படித்தான். எழுந்து பேசச் சொன்னால் காது சிவந்து நிற்பாய், ஆனால் பிடித்த பிடியை விட மாட்டாய்.

அந்த அரையிறுதியில் என்ன இருக்கிறது உனக்கு? அவன் பாட்டு அவனோடு போயிற்று. நான் அவனை அந்தப் பாட்டோடு நினைத்துக்கொள்வதில்லை. கடைசியாகப் பார்த்ததைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கதவைத் திறந்துகொண்டு, சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்து, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். தொப்பி கிடையாது. ஈரத் தலையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் வைத்த கெட்டில் மாதிரி. "தொப்பி போடுறா, மூளை உறைஞ்சிரும்" என்றேன். "இருந்தாத்தானே உறையும்" என்றான்.

அது போதும் எனக்கு. உனக்கும் அது போதும் என்று எடுத்துக்கொள். தட்டைக் கிடங்கிலேயே விட்டுவிடு.

ஒஸ்ஸி

*

தம்பெரே
8 மார்ச்

ஒஸ்ஸி,

கேட்டுவிட்டேன்.

வேலை முடியும் நேரத்தில், காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். நமக்குத் தெரிந்த ஆறரை நிமிடம் அப்படியே போயிற்று. டிரம்ஸ் ஏறிக்கொண்டே வந்து, கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று பாட்டு அறுந்து விழும் அந்த இடம் வந்தது. நான் ஊசியைத் தூக்கக் கையை நீட்டிவிட்டேன்.

பாட்டு விழவில்லை, ஒஸ்ஸி.

டிரம்ஸ் மட்டும்தான் நின்றது. ஒற்றைக் கிட்டார் மெல்ல, பனியில் யாரோ தனியாக நடப்பது போல, அப்படியே போகிறது. மூன்று நிமிடம். நடப்பவர் எங்கே போகிறார் என்று பதற்றமாக இருக்கிறது. கடைசியில், மிகத் தூரத்தில், ஒரு மணி அடிக்கிறது. ஒரே ஒருமுறை. தட்டு அதன்பின் வெறுமனே சுற்றுகிறது.

உன் கேசட் நாடா அதற்கு முன்பே தீர்ந்திருக்கிறது. நாம் ஒரு வருடம் முழுக்கப் பாதிப் பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். முதல் விதியையே மீறியிருக்கிறோம், தெரியாமல்.

இன்னொன்று. உன் போன கடிதத்தைப் பலமுறை படித்தேன். அவன் போகும்போது தலை ஈரமாக இருந்தது என்கிறாய். அப்படியென்றால் சௌனா முடிந்துவிட்டது. உங்கள் வீட்டு சௌனா சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்பு சூடேறியதே இல்லை. காவலரிடம் மதியம் போனான் என்று சொன்னாய். அக்கரைக் கடை சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூடிவிடும். அது ஏரி மீனுக்குக்கூடத் தெரியும்.

மூடிய கடைக்கு யாரும் பீர் வாங்கப் போவதில்லை. என் தம்பி எதற்குப் போனான்?

விர்பி

*

தம்பெரே
1 ஏப்ரல்

ஒஸ்ஸி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. அதனால் ஒரே கேள்வி.

சௌனாவுக்குப் பிறகு உறைகளைப் பிரிப்பது வழக்கம். அன்று மேசை மேல் இரண்டு உறை இருந்ததா, மூன்றா?

வி.

*

கொய்வுனியெமி
9 ஏப்ரல்

விர்பி,

மூன்று.

உன் உறை வியாழக்கிழமையே வந்துவிட்டது. நான் உன்னிடம் பொய் சொன்னேன். காவலரிடமும் உன் அம்மாவிடமும் சொன்னேன். இப்போது உண்மையை எழுதுகிறேன், நீ கேட்டதால். என்னிடம் விட்டிருந்தால் சாகும்வரை எழுதியிருக்க மாட்டேன்.

சௌனா முடிந்து சமையலறையில் உட்கார்ந்தோம். உன் உறையை அவன்தான் பிரித்தான். உன் குரலில் படித்துக் காட்டினான், நீ வகுப்பில் படிப்பாயே, அந்த மாதிரி. முதலில் சிரித்தான். "பாத்தியாடா, யூனிவர்சிட்டி பேசுது" என்றான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"மணி அடிக்கும்டா. கடைசில அடிக்கும். ரைய்யா வீட்டுல தட்டுல கேட்டேன்" என்றான்.

"கேசட்டுல இல்லியே."

"நீ ஒழுங்கா பதிவு பண்ணியிருக்க மாட்ட."

"தோத்தவன் பேசுற பேச்சு இது. ஒத்துக்கடா."

"முழுசா கேக்காத ஓட்டு செல்லாது. முதல் விதி. இரு, தட்டையே கொண்டாரேன்."

நான் சொன்னேன், விர்பி. "ரோட்டுல போடா, பனி உளுத்துக் கெடக்கு" என்று சொன்னேன். அவன், "ரோட்டுல போயிட்டு வர்றதுக்குள்ள உன் தலை காஞ்சிரும். அப்புறம் நீ பொய் சொல்ல ஆரம்பிச்சிருவ" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ, போய்க் கொண்டா, பாப்போம்" என்றேன். இதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது. தொப்பிப் பேச்சு அதற்கு முன்னால்.

ஏப்ரலில் காலைப் பனி இரும்பு, மாலைப் பனி கஞ்சி. நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஓடை வந்து சேரும் இடத்தில் பனி உடைந்து சைக்கிளோடு உள்ளே போய்விட்டான்.

ஆறு மணிவரை நான் கவலைப்படவில்லை. ரைய்யாவைப் பார்த்தால் அவன் வாய் மூடாதே, காப்பி குடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். ஆறு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "யார்க்கோவா? இங்க வரவே இல்லியே" என்றாள்.

நகரத்திலிருந்து காவலர் வந்தபோது மேசை மேல் உன் காகிதம் கிடந்தது. உன் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்குப் போனான் என்று கேட்டார். பீருக்கு, நான்தான் அனுப்பினேன், மதியம், என்றேன். என்னைப் பற்றி எல்லோரும் சுலபமாக நம்பக்கூடிய விஷயம் அதுதானே. கடை மூடும் நேரமெல்லாம் அப்போது என் தலையில் இல்லை.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைக்காதே. பாதி எனக்காகவும்தான். அந்தப் பாட்டைப் பதிவு செய்தவன் நான். ஊசியை வைத்துவிட்டு விறகு பிளக்கக் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தட்டும் நின்றிருந்தது, கேசட்டும் நின்றிருந்தது. இரண்டும் ஒன்றாக நின்றன என்று முடிவு செய்துகொண்டேன். ஒருமுறைகூட உட்கார்ந்து சரிபார்க்கவில்லை.

மூன்று வருடமாக நான் அந்தத் தட்டைக் கேட்கவில்லை. மணி அடிக்காவிட்டால், அவன் இல்லாத ஒன்றுக்காகப் போனான் என்று ஆகும். அடித்தால், அது இன்னும் மோசம். அடிக்கிறது என்று இப்போது நீயே எழுதிவிட்டாய்.

உன் வாக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. கிழித்துவிடு.

ஒஸ்ஸி

*

தம்பெரே
22 ஏப்ரல்

ஒஸ்ஸி,

கிழிக்கவில்லை.

"மணி என்று பெயர் வைத்துவிட்டு மணியை அடிக்க மறந்த பாட்டு. முடிக்கத் தெரியாமல் பாதியில் விழுகிறது." நீல மை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஏனென்றால் வேறு காகிதத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதில் எழுதினேன். அது என் முதல் வருடம். கருத்தரங்கில் மற்றவர்கள் எல்லாம் அப்படி ஒரு வரியில் ஒரு புத்தகத்தையே கவிழ்த்துவிடுவார்கள். எனக்கு அங்கே வாய் வராது. ஊருக்கு எழுதும் கடிதத்திலாவது படித்தவள் மாதிரி ஒரு வரி எழுத வேண்டும் என்று ஆசை. நீங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து "அடேயப்பா" என்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஒட்டினேன்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு, "அந்தப் பையன் ஒவ்வொரு குளிர்காலமும் கூப்பிடாமலே வந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போறான். நான் ஒருநாள்கூட காப்பிக்குக் கூப்பிடலை" என்றாள்.

உன்னிடம் எந்த வார்த்தையால் மன்னிப்புக் கேட்பது என்று நான்கு நாளாகத் தேடுகிறேன். நான் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவள், இருந்தும் கிடைக்கவில்லை. உன்னை வேலிக்கு வெளியே நிறுத்தினேன். உனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தும் நீ நின்றாய்.

ஒரு கேசட் அனுப்புகிறேன். முழுப் பாட்டும் இருக்கிறது. நாடா தீரவில்லை, தட்டு சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்கச் சொல்லவில்லை. உன்னிடம் இருக்கட்டும்.

விர்பி

*

கொய்வுனியெமி
4 மே

விர்பி,

ஒன்பது நாள் கேசட்டை வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று, சுற்றுப்பாதையில், ஓடை ஏரியில் சேரும் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் போட்டேன். மதியம், நல்ல வெயில். ஏரி நடுவில் பனி கறுத்துவிட்டது, கரையோரம் தண்ணீர்.

அடித்தது. அவன் சொன்னது உண்மைதான். நான் உரக்கச் சொன்னேன், "சரிடா, அடிக்குது, போதுமா?" என்று. எதிரே வந்த பால் வண்டிக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனான்.

இப்போது முழுதாகக் கேட்டுவிட்டதால் என் வாக்கு செல்லும். எழுதுகிறேன்.

என் வாக்கு 'உலை வாய்'க்கு. காரணம்: மூன்று நிமிடம் நடப்பது எனக்கு அதிகம், நான் அடி வாங்கத்தான் பாட்டுக் கேட்கிறேன்.

உனக்குக் கோபம் வரலாம். ஆனால் நான் அவனுக்காக வாக்கை மாற்றினால், நோட்டைத் தூக்கி என் முகத்தில் எறிவான். நீயும் பரிதாபப்பட்டு எதுவும் செய்யாதே. உன் காதுக்கு 'உலை வாய்'தான் என்றால் அதையே எழுது. நாம் மூன்று பேரும் அந்த நோட்டில் மட்டும்தான் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒஸ்ஸி

*

தம்பெரே
10 மே

ஒஸ்ஸி,

கோபம் வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு நூலகம் என்று நினைவு வந்தது.

பரிதாபத்தையும் காதையும் பிரிப்பது எனக்கு எளிதாக இல்லை. ஐந்து நாள் தினமும் இரண்டு பாட்டையும் கேட்டேன், ஒருநாள் இதை முதலில், மறுநாள் அதை முதலில். நான்காம் நாள் என் மேலதிகாரி அம்மா வந்து என்ன கேட்கிறாய் என்றார். சொன்னேன். காது சிவந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் காதொலிக் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு 'உலை வாய்' பாதியில் கழற்றிக் கொடுத்துவிட்டார். உன் பாட்டுக்கு அது ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொள்.

அது நல்ல பாட்டுதான். முதல் அடியிலேயே ஆளை எழுப்பி நிறுத்துகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அளவுக்கு. 'உறைந்த மணி' அப்படி இல்லை. மணி எந்த நொடியில் வரும் என்று இப்போது எனக்கு மனப்பாடம். இருந்தும் அது அடிக்கும்போது நான் தயாராக இருப்பதில்லை. இருபது முறை கேட்டும் ஒருமுறைகூட.

என் வாக்கு 'உறைந்த மணி'க்கு. காரணம்: முடிக்கத் தெரிந்த பாட்டு.

இரண்டுக்கு ஒன்று. நோட்டில் எழுதிவிட்டேன். என் பழைய வாக்கையும் அதே பக்கத்தில் ஒட்டி, அதன் மேல் "செல்லாது, முதல் விதி" என்று எழுதினேன். அவன் அப்படித்தான் எழுதியிருப்பான்.

இனி இறுதி. 'ஓநாய்ப் பாலம்' உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எதற்குப் போடுவேன் என்று உனக்கும் தெரியும். ஒன்றுக்கு ஒன்று. அதற்குமேல் முடிவு செய்ய ஆள் இல்லை. சமனானால் என்ன செய்வது என்று அவன் விதி எழுதவில்லை. மூன்று பேர் இருக்கும்போது அது தேவைப்படவில்லை.

பாதிரியாரிடம் கேட்டுவிட்டேன். கல்லறையில் பாட்டு வைத்துக்கொள்ளலாம், பறவைகள் கூட்டைவிட்டு ஓடாத அளவுக்கு என்றார். 20ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பேருந்து ஒன்றரைக்கு அக்கரைச் சந்திப்பில் நிற்கும். சௌனாவைச் சூடாக்கி வை. உறையோடு வருகிறேன்.

அம்மாவும் கல்லறைக்கு வருகிறாள். உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவது தன் வேலை என்கிறாள். மறுக்காதே.

விர்பி

*

கொய்வுனியெமி
15 மே

விர்பி,

ஏரி நேற்று திறந்துவிட்டது. பனி எல்லாம் தென்கரையில் ஒதுங்கிக் கண்ணாடித் துண்டு மாதிரி சலசலக்கிறது.

ரைய்யாவிடம் தட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன், எல்லாவற்றையும். ரொம்ப நேரம் அழுதாள். தட்டு இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறதாம், எடுத்து வைக்கிறேன் என்றாள். எது வென்றாலும் கல்லறைக்குக் கேசட் போதும். ஆனால் சௌனா முடிந்து கேட்பதற்கு அந்தத் தட்டே மேசை மேல் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை முதலில் அவள் வீட்டுக்குப் போய் அதை வாங்குவேன். பிறகு சந்திப்புக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர் படகைத் தருகிறேன் என்றார், பதினைந்து நிமிடம்தான் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாலை வழியாகத்தான் வருவேன். நேரமாகும். காத்திரு.

ஒஸ்ஸி